வீட்டுக்காரர் ராவில எங்க படுக்கிறார்?

போன வருஷம் பங்குனிக் கடைசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திருகோணமலை ஆலஸ்தோட்டத்தில ஒரு வீட்டு வாசலில நிண்டு ஓட்டோவுக்குள்ள சாமான் ஏத்திக் குடுத்துக்கொண்டு நிண்டன். பெரிய சாமான் எல்லாம் காலமையே லான்ட்மாஸ்ரரில போட்டுது, மிச்சம் ஒரு மேசை ஃபேன், ரெண்டு பாய், ஒரு கேஸ் சிலிண்டர். சிலிண்டர் உருளாம இருக்க ரீச்சர்ட மகன் அதை ரெண்டு காலுக்கும் நடுவில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தான், ஏழாம் வகுப்புப் படிக்கிற பொடியன், என்னை ஒருக்காலும் நிமிந்து பாக்கேல்ல. ரீச்சர் திறப்பை என்ர கையில தந்திட்டு "குசினி பைப் கொஞ்சம் ஒழுகுது, பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை" எண்டு சொல்லிப்போட்டு ஏறினவ. அவ்வளவுதான், ஒரு ஏச்சுப் பேச்சும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசா இருந்திருக்கும்.

வீடு என்ர சித்தியின்ரது. சித்தி லண்டனில, நான்தான் இஞ்ச திறப்பை வைச்சுக்கொண்டு வாடகை வாங்கிப் போடுற ஆள். ரீச்சர் ரெண்டு வருஷமா மாசம் 28,000 குடுத்து இருந்தவ, ஒரு மாசமும் பிந்தினதில்லை. சித்திக்கு யாரோ சொல்லிப்போட்டினம் உப்புவெளிப் பக்கம் வீடுகள் ஏர்பிஎன்பில, அதுதான் சுற்றுலா வாற ஆக்களுக்கு ராக்கணக்கில வீடு குடுக்கிற ஆப்பில, ராவுக்கு 14,000 போகுது எண்டு, அவ கணக்குப் போட்டுப் பாத்தா, ரெண்டு ராவில ரீச்சர்ட ஒரு மாச வாடகை வருது, பேந்தென்ன, சித்திரைக்கு முன்ன எழும்பச் சொல்லு எண்டு எனக்கு வொய்ஸ் மெசேஜ். மகன்ட தவணைச் சோதனை முடியட்டும் எண்டு ரீச்சர் ஒரு மாசம் கேட்டவ, நான் அதைச் சித்தியிட்டச் சொன்னன், சித்தி "சீசன் துடங்குதடா" எண்டா, நான் அதை ரீச்சரிட்டச் சொன்னன். தபால்காரன் மாதிரி.

இதை ஏன் எழுதுறன் எண்டால், நானும் அதே தொழில்தான். உப்புவெளியில எங்கட வீட்டு மேல்மாடியில ரெண்டு ரூம் 2016 இலயிருந்து குடுக்கிறன். மனுசி காலமை பிட்டும் சொதியும் கட்டச்சம்பலும் குடுக்கிறா, வாற வெள்ளைக்காரர் பாதிப்பேர் அதுக்காகத்தான் நல்ல ரிவியூ போடுறவை. அதால இது ஏர்பிஎன்பிக்கு எதிரான பதிவு இல்லை, அப்பிடி எழுத எனக்கு வாய் இல்லை. ஆனா அந்த ஓட்டோ போனாப்பிறகு ஒரு கேள்வி மண்டைக்குள்ள ஏறி இருந்திட்டுது: நான் செய்யிறதும் சித்தி செய்யிறதும் ஒரே தொழிலோ? ஆப்பில ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஒரே நட்சத்திரம், ஒரே மாதிரிப் படம், ஒரே 'ஹோஸ்ட்' எண்ட பேர். ஆனா என்ர வீட்டில விருந்தாளி ராவு 11 மணிக்குப் பாட்டைக் கூட்டினால் நான்தான் நித்திரையால எழும்பிப் போய் கதவைத் தட்டோணும். சித்தியின்ர வீட்டில கூட்டினால் பக்கத்து வளவு மாமிதான் எழும்பி இருக்கோணும், சித்திக்கு லண்டனில அப்ப பின்னேரம்.

இந்தக் கொம்பனி துடங்கின கதை கனபேருக்குத் தெரியும். 2007 ஐப்பசியில சான் பிரான்சிஸ்கோவில பிரையன் செஸ்கி, ஜோ கெபியா எண்டு ரெண்டு பொடியங்கள், வீட்டு வாடகை கட்டக் காசில்லை, நகரத்தில ஒரு டிசைன் மாநாடு நடக்குது, ஹோட்டல் எல்லாம் நிரம்பிப்போச்சு, இவங்கள் காத்து ஊதுற மெத்தை மூண்டை ஹோலில போட்டு ராவுக்கு 80 டொலருக்கு மூண்டு பேரை வைச்சிருந்தவங்கள், காலமைச் சாப்பாட்டோட. பேரே 'காத்து மெத்தையும் காலமைச் சாப்பாடும்' எண்டதிலயிருந்து வந்ததுதான். நான் கவனிக்கிறது வேற விசயம். அண்டைக்கு ராவு அந்த ரெண்டு பேரும் அதே வீட்டிலதான் படுத்தவங்கள். தொழில் துடங்கேக்க வீட்டுக்காரர் வீட்டில இருந்தார். வளர வளரத்தான் அவர் வீட்டை விட்டுப் போனது, கடைசியில ஒரே ஆளிட்ட 20 வீடு, 30 வீடு, திறப்புக்குப் பதிலா கதவில நம்பர் அமத்துற பூட்டு.

இப்ப உலகத்தில எங்கெங்க சட்டம் போட்டிருக்கினம் எண்டு பாத்தால், சுத்திச் சுத்தி இந்தக் கேள்வியிலதான் வந்து நிக்கினம். நியூயோர்க்கில உள்ளூர்ச் சட்டம் 18 எண்டு ஒண்டு, 2023 செப்டம்பர் 5 இலயிருந்து இறுக்கிப் பிடிச்சினம். 30 நாளுக்குக் குறைய வாடகைக்குக் குடுக்கிறதெண்டால் வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே இருக்கோணும், ரெண்டு விருந்தாளிக்கு மேல ஏலாது, நகரசபையில பதிஞ்சு நம்பர் எடுக்கோணும், நம்பர் இல்லாத வீட்டுக்கு ஆப்காரன் புக்கிங் எடுக்கக்கூடாது. அந்தக் கடைசி வரியிலதான் விசயம் இருக்கு. அதுக்கு முதலும் அங்க 2010 இலயிருந்து சட்டம் இருந்தது, ஒருத்தரும் கணக்கெடுக்கேல்ல, ஏனெண்டால் ஒவ்வொரு வீடா ஆள் விட்டுப் பிடிக்க எந்த நகரசபையாலயும் ஏலாது. ஆப்காரன்ர கையைக் கட்டின உடனதான் ஆயிரக்கணக்கில லிஸ்டிங் காணாமப் போனது. பிறகு ஹோட்டல்காரர் விலையை ஏத்தினதும், குடியிருக்கிற ஆக்களுக்கு வாடகை குறைஞ்சுதோ இல்லையோ எண்டு இண்டைக்கும் அடிபடுறதும் வேற கதை. ஹோட்டல் முதலாளிமார் அந்தச் சட்டத்துக்குப் பின்னால நிண்டவை எண்டதையும் மறக்கக்கூடாது, எல்லாரும் ரீச்சருக்காக அழுதவை இல்லை.

வேற ஊருகள் நாள் கணக்கு வைச்சினம். லண்டனில முழு வீடு எண்டால் வருஷத்துக்கு 90 நாள், 2015 இலயிருந்து. அம்ஸ்ரடாமில முதல் 60, பிறகு 2019 இல 30. ஜப்பானில 2018 ஆனியில சட்டம் வந்தது, 180 நாள், பதிவு நம்பர் கட்டாயம், அதுக்குக் கொஞ்சம் முன்னமே நம்பர் இல்லாத லிஸ்டிங் எல்லாத்தையும் கொம்பனியே தூக்கினது, கிட்டத்தட்ட 80 வீதம் போச்சு, ஏற்கெனவே புக் பண்ணினவையும் நடுத்தெருவில. பார்சிலோனா மேயர் 2024 இல சொன்னவர் 10,101 சுற்றுலா வீடுகளின்ர அனுமதியை 2028 கார்த்திகையோட புதுப்பிக்கிறேல்ல எண்டு, அதாவது அடியோட மூடுறது.

இதை எங்கட ஆக்கள் வாசிச்சிட்டு "இஞ்சயும் 90 நாள் போடோணும்" எண்டு கதைக்கிறதைக் கேட்டிருக்கிறன். விளங்காமக் கதைக்கிறது. லண்டனுக்கு வருஷம் முழுக்க ஆள் வரும், அங்க 90 நாள் எண்டால் மிச்ச 275 நாளும் வீட்டை என்ன செய்யிறதெண்டு வீட்டுக்காரர் யோசிச்சு, நிரந்தரமா ஒருத்தருக்கு வாடகைக்குக் குடுக்கிறதுதான் லாபம் எண்டு வருவார். எங்கட கடல் அப்பிடியே? சித்திரை கடைசியில துடங்கி புரட்டாதிக்குள்ள முடிஞ்சிடும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காத்தும் மழையும், புறாத்தீவுக்குப் போட் ஓடாது, நிலாவெளியில நாயும் காகமும்தான் நடக்கும். மொத்தச் சீசனே 150 நாள், அதிலயும் நல்ல புக்கிங் ஆடி ஆவணிதான். இஞ்ச 180 நாள் சட்டம் எண்டால் ஒண்டும் இல்லாததுக்குச் சமன். 90 நாள் எண்டாலும், ஆடி ஆவணிக்கு விருந்தாளி, பிறகு அடுத்த சித்திரை வரைக்கும் யாராவது ஒரு ரீச்சர். உண்மையில இப்பவே கனபேர் அதைத்தான் செய்யினம், ஐப்பசியில வாடகைக்குக் குடுக்கிறது, பங்குனியில எழுப்புறது. எங்கட ரீச்சருக்கு நடந்ததை நாள் கணக்கால தடுக்க ஏலாது. அதுக்கு வேற மருந்து வேணும், குடியிருந்த ஆளை எழுப்பிப்போட்டு அந்த வீட்டை ஒரு வருஷத்துக்காவது சுற்றுலாவுக்கு விட ஏலாது எண்ட மாதிரி, இல்லாட்டி ஒரு கிராம சேவகர் பிரிவுக்கு முழு வீடு இத்தனைதான் எண்டு கணக்கு வைக்கிற மாதிரி. அம்ஸ்ரடாமின்ர சட்டையை வாங்கி உப்புவெளிக்குப் போட்டால் கை நீட்டாத்தான் இருக்கும்.

சித்தியின்ர வீட்டை ரெண்டு மாசம் திருத்தி வேலை செய்தம். ரெண்டு ஏசி, வெள்ளைப் பெயின்ற், பின் வளவில நின்ட கறிவேப்பிலை மரத்தை வெட்டிப்போட்டு ஒரு சின்ன நீச்சல் தொட்டி. தொட்டிக்குத் தண்ணி கிணத்திலயிருந்து மோட்டர் போட்டு இழுத்தது. கடற்கரைப் பக்கம் கிணறு வைச்சிருக்கிறவைக்கு இது தெரியும், மணலுக்குள்ள நல்ல தண்ணி மேலால மிதந்துகொண்டு நிக்கும், அடியில உப்புத் தண்ணி, வாளியால அள்ளினால் ஒரு பிரச்சினையும் இல்லை, மோட்டர் போட்டு மணித்தியாலக் கணக்கா இழுத்தால் அடியில இருக்கிறது மேல வரும். ஆனி மாசம் பக்கத்து வளவு மாமி என்னைக் கூப்பிட்டு ஒரு கப் பிளேன் டீ தந்தவ. குடிச்சன். "எப்பிடியிருக்கு?" எண்டு கேட்டா. நான் என்ன சொல்ல, டீ உவர். அவ வேற ஒண்டும் கேக்கேல்ல, கப்பை வாங்கிக்கொண்டு உள்ள போட்டா. சித்தியின்ர லிஸ்டிங்கில அந்தக் கிழமை ஒரு ஜேர்மன் குடும்பம் 'அருமையான குளிர்ந்த தொட்டி' எண்டு அஞ்சு நட்சத்திரம் போட்டிருந்தவை. மாமி நட்சத்திரம் போட அந்த ஆப்பில இடம் இல்லை, விருந்தாளி வீட்டுக்காரருக்குப் போடலாம், வீட்டுக்காரர் விருந்தாளிக்குப் போடலாம், பக்கத்து வளவுக்கு ஒண்டும் இல்லை.

இனி என்ர பங்கு. என்னையும் நல்ல பிள்ளையா எழுதிப்போட்டுப் போக ஏலாது.

2017 இல கொழும்பிலயிருந்து வந்த பொடியங்கள் ஆறு பேர் எங்கட மேல்மாடியில குடிச்சு, கதிரை ஒண்டை உடைச்சு, பாத்ரூம் முழுக்கச் சத்தி எடுத்து வைச்சிட்டுப் போனவங்கள். கழுவினது மனுசி. அண்டையோட நான் ஒரு முடிவெடுத்தன், லோக்கல் ஆக்கள் வேண்டாம். போர்ட் ஒண்டும் போடேல்ல, ஆனா ஃபோனில பேரைக் கேப்பன், நம்மட நாட்டுப் பேர் எண்டால் "ஃபுல் தம்பி". தமிழோ சிங்களமோ முஸ்லிமோ, எல்லாருக்கும் ஒரே ஃபுல், அதில ஒரு சமத்துவம் இருந்ததெண்டு அப்ப பெருமையா வேற சொன்னனான். இந்தப் பழக்கம் இலங்கையில எனக்கு மட்டும் இல்லை எண்டு கடற்கரையோரம் ரூம் தேடின எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டாம் வருஷம் ஒரு நாள் மட்டக்களப்பிலயிருந்து ஒரு சோடி, கைக்குழந்தையோட, கேட்டில வந்து நிக்கினம். மனுசி ஒண்டும் தெரியாம ரூமைத் திறந்து காட்டியிட்டா, ரெண்டும் காலி, கட்டில் விரிச்சு வைச்சபடி. நான் படியால இறங்கி வாறன், குழந்தையின்ர தாய் என்ர குரலைக் கேட்டிட்டு "அண்ணை, காலமை ஃபுல் எண்டு சொன்னது நீங்கள்தானே?" எண்டு கேட்டா. கோவத்தில இல்லை, சும்மா, நம்பர் சரியோ எண்டு பாக்கிற மாதிரி. குழந்தை தாயின்ர தோளில வாய் வைச்சுச் சூப்பிக்கொண்டு இருந்தது. நான் என்னத்தையோ உளறினன். அவை வேற இடம் பாக்கிறம் எண்டு போட்டினம்.

இந்த நாட்டில பேரைக் கேட்டு அறை இல்லையெண்டு சொல்லுறது என்னெண்டு எங்களுக்குத் தெரியாதே? சண்டை நேரம் கொழும்பில ரூம் தேடி அலைஞ்ச எங்கட வயசு ஆக்கள் ஒருத்தரும் மறக்கேல்ல, 'ஊர் எது' எண்டு கேட்டு 'திருகோணமலை' எண்டு சொன்ன உடன மூஞ்சி மாறுற அந்தச் செக்கன். 2007 ஆனி 7 ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில இருந்த தமிழ் ஆக்கள் 376 பேரை பஸ்ஸில ஏத்தி ஊருக்கு எண்டு அனுப்பினவை, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் நிப்பாட்டச் சொல்லி இடைக்காலத் தடை போட்டது, பிரதமரே பிறகு வருத்தம் தெரிவிச்சவர். லொட்ஜ் எண்டால் எங்கட ஆக்களுக்கு உல்லாசம் இல்லை, வெளிநாடு போக ஏஜென்சிக்காரனுக்குக் காத்திருந்த இடம், பாஸ்போர்ட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கின இடம். அதெல்லாம் தெரிஞ்ச நான் பேரைக் கேட்டு ஃபுல் சொன்னனான்.

இதை ஆராய்ச்சியாவே செய்திருக்கினம். ஹாவர்ட்டில மூண்டு பேர், எடல்மன், லூக்கா, ஸ்விர்ஸ்கி, 2015 இல அமெரிக்காவில அஞ்சு நகரத்தில ஆறாயிரத்துச் சொச்சம் ஹோஸ்டுகளுக்கு ஒரே மாதிரி மெசேஜ் அனுப்பினவை, பேர் மட்டும் வித்தியாசம். வெள்ளைக்காரப் பேருக்குக் கிட்டத்தட்ட 50 வீதம் ஓம், கறுப்பினப் பேருக்கு 42. எனக்கு இதில முள்ளா ஏறின விசயம், வீட்டிலேயே இருந்து ரூம் குடுக்கிற ஹோஸ்டுகளும் முழு வீடு குடுக்கிற ஆக்களும் இதில ஒரே மாதிரி நடந்தவை. அதாவது ராவில வீட்டில படுக்கிறதால ஒருத்தன் நல்லவன் ஆகேல்ல. சத்தத்துக்கும் தண்ணிக்கும் குப்பைக்கும் அது மருந்து, இதுக்கு இல்லை. கறுப்பின ஆக்கள் 2016 இல சமூக வலைத்தளத்தில சத்தம் போட்டாப்பிறகுதான் கொம்பனி அசைஞ்சது, எல்லாரும் ஒரு உறுதிமொழிக்கு ஓம் அமத்தோணும் எண்டு கொண்டு வந்தவங்கள், 2018 இல விருந்தாளியின்ர படம் புக்கிங் ஏத்துக்கொண்டாப்பிறகுதான் ஹோஸ்டுக்குத் தெரியும் எண்டு மாத்தினவங்கள். பேர் இப்பவும் பெரும்பாலும் முன்னுக்கே தெரியும்தான். நான் இப்ப ஃபோனில பேர் கேக்கிறேல்ல, எத்தனை பேர், எத்தனை ராவு, குடிக்கிறதெண்டால் மொட்டை மாடியில ஏலாது, அவ்வளவுதான். வந்தாப்பிறகு அடையாள அட்டை பாத்துக் கொப்பியில எழுதுறன். அந்தக் கொப்பியைப் பிறகு ஒரு இடத்தில சொல்லுறன்.

கமெரா விசயமும் ஒண்டு. சித்தியின்ர வீட்டைப் பாக்கிற பொடியன் ஏசியை நிப்பாட்டினமோ எண்டு பாக்க ஹோலில ஒரு சின்னக் கமெரா பூட்டியிருந்தான், 2024 சித்திரையோட வீட்டுக்குள்ள எந்த மூலையிலயும் கமெரா வைக்க ஏலாதெண்டு ஆப் தடை செய்திட்டுதெண்டு அவனுக்குத் தெரியாது. கழட்டச் சொன்னன். தடை இல்லாட்டியும் கழட்டச் சொல்லியிருக்கோணும், ஆனா சொல்லியிருப்பனோ தெரியாது.

சரி, சட்டத்துக்கு முன்னால எப்பிடி நிக்கிறது எண்ட கதைக்கு வருவம். எங்கட பக்கத்து ரூம் காரர் பெரும்பாலும் எடுத்திருக்கிற உபாயம் ஒளிச்சு இருக்கிறது. பதியிறேல்ல, போர்ட் போடுறேல்ல, யாராவது கேட்டால் "சொந்தக்காரர் வந்து நிக்கினம்". டென்மார்க்கில கனக்கச் சொந்தக்காரர் எங்களுக்கு. கொம்பனியும் துடங்கேக்க அதைத்தான் செய்தது, முதல் செய், பிறகு மன்னிப்புக் கேள். 2015 இல சான் பிரான்சிஸ்கோவில குறுங்கால வாடகையை இறுக்கிறதுக்கு ஒரு பொதுசன வாக்கெடுப்பு வந்தது, கொம்பனி 80 லட்சம் டொலருக்கு மேல செலவழிச்சு எதிர்த்து வெண்டது. ஆனா அதுக்கு நடுவில தெருவில விளம்பரம் ஒட்டினவங்கள், நாங்கள் கட்டின ஹோட்டல் வரியில நூலகத்தைக் கொஞ்சம் பிந்தி மூடுங்கோவன் எண்டு நக்கலா. ஊரே கொதிச்சுது, மன்னிப்புக் கேட்டுக் கழட்டினவங்கள். வாக்கில வெண்டும் ஊருக்குள்ள தோத்தது. அதுக்குப் பிறகு அவங்கட போக்கு மெல்ல மாறினது, நகரசபைகளோட இருந்து கதைச்சு வரியைத் தாங்களே அறவிட்டுக் கட்டுறம் எண்டு கனக்க இடத்தில ஒத்துக்கொண்டினம். ஒளிச்சு இருந்தவன்ர சட்டத்தை மற்றவன்தான் எழுதுவான் எண்டு அவங்களுக்கு விளங்கினது, எங்களுக்கு இன்னும் விளங்கேல்ல.

உண்மையைச் சொன்னால் எங்களுக்குப் புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 2005 ஆம் ஆண்டு 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்துக்குக் கீழ அதிகார சபை பதியிற வகைகளில ஹோம்ஸ்டே வேற, வாடகை வீடு வேற. ஹோம்ஸ்டே எண்டால் குடும்பமும் அங்க இருக்கோணும், மற்றது முழு வீடு. நான் கேக்கிற கேள்வி ஏற்கெனவே படிவத்தில இருக்கு! ஆனா கீழ பிரதேச சபைக்கு வந்தால் ரெண்டும் ஒண்டாப் போயிடுது, குப்பைக்கு ஒரே காசு, தண்ணிக்கு ஒரே கணக்கு, வியாபார அனுமதிக்கு ஒரே வரிசை. ரெண்டு ரூம் வைச்சிருக்கிறவன் ஹோட்டல்காரன் மாதிரி பேப்பர் கட்டோட அலையோணும் எண்டால் அவன் ஒளிப்பான். முழு வீடு ஆறு வைச்சிருக்கிறவனும் அவனுக்குப் பின்னால ஒளிப்பான், "பாவம் சின்ன ஆக்கள்" எண்டு சொல்லிக்கொண்டு. எங்களை முன்னுக்கு விட்டுப் பெரிய ஆக்கள் பின்னால நிக்கிறதுதான் இந்தத் தொழிலின்ர பழைய வித்தை.

இதைத்தான் வைகாசியில நாங்கள் எட்டுப் பேர் கடற்கரையில ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள்ள இருந்து கதைச்சம். என்ர யோசினை இது: சபை எங்களைத் தேடி வாறதுக்கு முதல் நாங்கள் போவம், வெறுங்கையோட இல்லை, கொப்பியோட. யார் வந்து எத்தனை ராவு நிண்டது, மாசத் தண்ணி மீட்டர் எவ்வளவு, குப்பை எத்தனை பை, எல்லாம். வீட்டில இருந்து குடுக்கிற ஆக்களுக்கு ஒரு பக்கப் படிவமும் சின்னக் கட்டணமும், முழு வீட்டுக்குக் கூடின கட்டணமும் கிணத்து மோட்டருக்குக் கட்டுப்பாடும் பக்கத்து வீட்டுக்காரர் அடிக்க ஒரு ஃபோன் நம்பரும், அந்த நம்பர்க்காரர் அரை மணித்தியாலத்தில வந்து நிக்கக்கூடிய தூரத்தில இருக்கோணும். ஆப்காரன்ர கையைக் கட்ட எங்கட சபையால ஏலாது, அது கொழும்பில சட்டம் வந்தால்தான், பதிவு நம்பர் இல்லாட்டி லிஸ்டிங் இல்லை எண்டு. ஆனா தண்ணியும் குப்பையும் சத்தமும் இஞ்சத்தையச் சபையின்ர கையில இருக்கு.

எட்டுப் பேரில மூண்டு பேர் ஓம் எண்டினம். ஒரு அண்ணை கேட்டார், "தம்பி, நாங்களே போய்ப் பேர் குடுத்தால் நாளைக்கு வரி ஏத்தேக்க முதல் எங்களைத்தானே பிடிப்பாங்கள்?" நியாயமான கேள்வி. எங்கட ஊரில பதிவு எண்ட சொல்லுக்கே ஒரு நடுக்கம் இருக்கு, வீட்டில யார் ராத் தங்கினாலும் எழுதிக் குடுக்கோணும் எண்டு இருந்த காலத்தில வளந்த ஆக்கள் நாங்கள், கொப்பியில பேர் எழுதுறதெண்டால் கைக்கு முதல் வயிறு நடுங்கும். அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே முழுக்கத் திருப்தியில்லை. 2019 சித்திரை 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தச் சீசன் அப்பிடியே விழுந்தது, 2020 கொரோனா, 2022 பெற்றோல் வரிசையில ஊரே படுத்தது, மூண்டு தரமும் யாரும் எங்களைத் திரும்பிப் பாக்கேல்ல, ஏனெண்டால் பட்டியலில நாங்கள் இல்லை, இல்லாத ஆளுக்கு ஆர் கடன் தவணையைத் தள்ளிப் போடுறது? அண்ணை தலையாட்டினார், கையெழுத்துப் போடேல்ல. அந்த மூண்டு தரமும் சித்தியின்ர வீட்டைத் தாங்கினது யாரெண்டு அப்பதான் ஞாபகம் வந்தது, ரீச்சருக்கு முதல் அங்க இருந்த பாங்க் தம்பி, பெற்றோல் வரிசைக் காலத்திலயும் மாசம் பிறக்க வாடகை போட்டவர்.

கடிதம் இப்ப என்ர மேசையில கிடக்குது, நாலு கையெழுத்து. போன கிழமை சித்திக்கு ஃபோன் எடுத்துச் சொன்னன், இப்பிடி ஒரு கடிதம் குடுக்கப்போறம், முழு வீடு எண்டால் கூடக் காசு, தொட்டிக்கு மோட்டர் போட ஏலாமப் போகும், உங்கட வீட்டுக்கும் வரும் எண்டு. மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டா,

"வீட்டுக்காரர் ஆக்கள் ஆரும் அங்க இருந்தால் குறையுமே?"

"ஓம் சித்தி, குடும்பத்தில ஒருத்தர் ராவில அங்க படுக்கோணும்."

"அப்ப நீ போய்ப் படன்டா, பின் அறையில ஏசியும் இருக்குத்தானே."